மதகுக்காரர் கொண்டுவந்த கைப்பிடி

அணைக்குக் கீழே, ஆறு முதல் வளைவு திரும்புகிற இடத்தில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரமும் மண்டபமும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டு வீடு ஒன்று, பசு இரண்டு, கல் தொட்டி ஒன்று. அவ்வளவுதான். அங்கே இருந்த அம்மையாருக்கு நாற்பது வயது இன்னும் நிறையவில்லை. ஊர் அவரை மடத்தம்மா என்றது.

அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவர் சென்னியப்பன். ஐம்பத்தாறு வயது. அணையின் மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் மடத்துக்கு வருவார். ஒரு கேள்வி கேட்பார். பதில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மோர் குடித்துவிட்டுப் போவார். இரண்டாவது கேள்வி கேட்டதில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. மடத்தம்மா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். சென்னியப்பன் எதையோ துண்டில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னிக்கு வெள்ளி இல்லீங்களே, அண்ணா."

"இல்லீங்கம்மா."

அவர் துண்டைப் பிரித்து உள்ளே இருந்ததைத் தரையில் வைத்தார். கை நீளத்துக்கு ஒரு இரும்புக் கைப்பிடி. பிடிக்கிற இடம் தேய்ந்து பளபளத்தது.

"என்னங்க இது?"

"மதகோட கைப்பிடிங்க. இதைச் சுத்தித்தான் கதவை ஏத்தறது. நீங்களே வச்சுக்குங்க. நான் இனி அங்கே போகலீங்க. இங்கேயே இருந்துடறேன். தொழுவம் கூட்டறேன், சாணி அள்ளறேன்."

மடத்தம்மா கையைக் கழுவினார்.

"வீட்டுல பாவாத்தா அக்காகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"அவ தோசை ஊத்திட்டிருந்தாளுங்க. போகப் போகத் தெரிஞ்சுக்குவா."

"எத்தனையாவது தோசை?"

"ஒண்ணு சாப்பிட்டேன். ரெண்டாவது கல்லுல இருந்துச்சுங்க."

"உட்காருங்க" என்றார் மடத்தம்மா.

சென்னியப்பன் உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது. கணக்காகப் பேசுகிறவர், ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததைச் சொல்ல மாட்டார்.

அந்த ஆற்றில் அடைப்பு மீன் என்று ஒன்று உண்டு. அணையில் தண்ணீர் திறந்திருக்கும்போது ஆறு கரை வரைக்கும் பரவி ஓடும். மீன்கள் பாறை இடுக்கு, புல்லடி, மேட்டுப் பள்ளம் எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும். அங்கேதான் இரை. அங்கேதான் குஞ்சுகளும் இருக்கும். மதகைச் சட்டென்று அடைத்தால், தண்ணீர் அவற்றின் அடியிலிருந்து ஓடிவிடும். மீன்கள் குழிகளில் கிடந்து துள்ளும். ஊர் ஜனம் குண்டானும் கூடையுமாக இறங்கி, கையாலேயே அள்ளிக்கொண்டு போகும். வலை வேண்டாம், தூண்டில் வேண்டாம்.

மற்ற மதகுக்காரர்கள் காலத்தில் இவ்வளவு கிடைத்ததில்லை. சென்னியப்பன் காலத்தில் கிடைத்தது. கதவைத் தாங்கி நிற்கும் இரும்பு முளையை அவர் சுத்தியலால் தட்டிவிடுவார். கதவு தன் எடையிலேயே திடுமென்று இறங்கும். முப்பது எண்ணுவதற்குள் ஆறு நின்றுவிடும். "கைராசிக்காரர்" என்று ஊர் சொல்லிற்று. ஒவ்வொரு அடைப்புக்கும் பெரிய மீன் ஒன்று அவர் வீட்டுக்கு வந்துவிடும். மனைவி பாவாத்தாள் அன்று மசாலாவை முன்கூட்டியே அரைத்து வைத்திருப்பாள்.

ஊருக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். இருபத்திரண்டு வருடமாக அணைமேல் நின்றே அந்த வாழ்த்தைக் கேட்டவருக்கு, ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று கேட்க வேண்டும் என்று ஆசை வந்தது. போன மாதம் அடைத்துவிட்டு ஆற்றுக்குள் இறங்கிப் போனார்.

அவர் போய்ச் சேர்வதற்குள் ஊர் அள்ளிக்கொண்டு கரையேறிவிட்டது. ஆற்றில் இருந்தவள் ராக்கியக்கா ஒருத்திதான். தூண்டில் போட்டுப் பிழைக்கிறவள். குதிரைப்பாறையின் மேல் உட்கார்ந்து, மிச்சமிருந்த ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கூடை காலியாக இருந்தது.

சென்னியப்பன் காலடியைப் பார்த்தார். குழிகளில் ஈரம் மினுங்கியது. ஈரம் இல்லை, மீன் குஞ்சுகள். அரிசி நீளத்துக்கு, நெல் நீளத்துக்கு, விரல் நீளத்துக்கு. சில இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. காக்கைகள் அவசரமில்லாமல் நடந்தன.

"வாங்க, கைராசிக்காரரே" என்றாள் ராக்கியக்கா. "கீழே இறங்கி வர்ற பழக்கமெல்லாம் உண்டா?"

"மீன் கடிக்குதா, ராக்கியக்கா?"

"எது கடிக்கும்? பெருசை ஊரு தூக்கிட்டுப் போச்சு. சிறுசைக் காக்கா தூக்கிட்டுப் போகுது. எனக்குன்னு நீங்க மிச்சம் வச்சது இந்தத் தக்கை ஒண்ணுதான். அது ஆடாம நல்லா மிதக்குது, பாருங்க."

சென்னியப்பன் தக்கையைப் பார்த்தார்.

"திறக்கறப்ப சங்கு ஊதறீங்க" என்றாள். "சத்தம் கேட்டதும் தூண்டியைச் சுருட்டிக்கிட்டுக் கரையேறிக்கறோம். அதுல குத்தம் சொல்ல மாட்டேன். அடைக்கறப்ப யாருக்கு ஊதறீங்க? மீனுக்குக் காது கேட்குமா?"

தூண்டிலை இழுத்து, புழு அப்படியே இருப்பதைப் பார்த்து, மறுபடியும் போட்டாள்.

"ஊத வேண்டாம்னுதான் சொல்றேன். அடைக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கே ஒரு சங்கு ஊதிட்டுத்தான் இருக்கீங்க."

அன்றைக்கு வந்த மீனை சென்னியப்பனால் சாப்பிட முடியவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது தவிட்டுத் தொட்டியை மாடுகள் நக்கிக் காலி செய்திருந்தன.

"தண்ணி இப்ப ஓடிட்டிருக்குதுங்களே" என்றார் மடத்தம்மா.

"இன்னிக்கு அடைக்கணும்னு காலையில உத்தரவு வந்துச்சுங்க. அதைக் கேட்டதும்தான் கைப்பிடியைக் கழட்டிக்கிட்டு வந்துட்டேன். திறந்தா மனுசன் ஓடணும், அடைச்சா மீன் சாகணும். அந்த வேலை எனக்கு வேண்டாங்கம்மா."

"இது இங்கே இருந்தா மதகை அடைக்க முடியாதுங்களா?"

சென்னியப்பன் யோசித்தார்.

"முடியுங்க."

"எப்படி?"

"முளையைத் தட்டினா கதவு தானா விழுந்துடும். என்கூட வேலை பார்க்கிற பரமேசு தட்டிடுவான். அஞ்சே முக்கால் பஸ்ஸுக்கு டவுனுக்குப் போறவன். தட்டிட்டு ஓடிடுவான். தட்டக் கத்துக்கொடுத்ததே நான்தானுங்க."

"அப்ப இந்தக் கைப்பிடி எதுக்குங்க?"

"ஏத்தறதுக்கு."

"இறக்கறதுக்கு ஆகாதா?"

"ஆகுமுங்க. ஆனா இறக்கறதுக்கு இதைத் தொட்டதே இல்லீங்க."

மடத்தம்மா கல் தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"தொழுவம் கூட்டறேன்னீங்க" என்றார். "அதுக்கு முன்னாடி அந்தக் கல் தொட்டியைக் கழுவிக் கொடுங்க. பாசி பிடிச்சுக் கிடக்குது. உள்ளே அயிரைக் குஞ்சு விட்டிருக்கேன், கொசு வராம இருக்க. பதினேழு. மூலையில ஓட்டை இருக்குது, கீழே குண்டான் வச்சுக்குங்க. மீனெல்லாம் தண்ணியோட குண்டானுக்கு வந்துடணும்."

சென்னியப்பன் எழுந்தார். வேலை என்றதும் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. குண்டானை வைத்தார். ஓட்டையை அடைத்திருந்த துணி சுற்றிய தக்கையை ஒரே இழுப்பில் உருவினார். தண்ணீர் குண்டானில் கொட்டி, வழிந்து, வாசல் வரைக்கும் ஓடியது.

தொட்டியின் அடி உளி கொத்திய கல். மேடும் பள்ளமுமாக இருந்தது. பள்ளத்தில் எல்லாம் மீன்கள் துடித்துக்கொண்டிருந்தன.

மடத்தம்மா அருகில் வந்தார். கையை நனைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் குண்டானில் விட்டார். எண்ணிக்கொண்டே விட்டார்.

"பதினொண்ணு கையால எடுத்தது. ஆறு தானா வந்தது."

"பள்ளத்துல மாட்டிக்குதுங்கம்மா. கல்லு சரியில்லை."

"கல்லு அப்படித்தான் இருக்கும். திரும்ப நிரப்புங்க."

அவர் கிணற்றிலிருந்து இறைத்து நிரப்பினார். மீன்களை விட்டார். மீன்கள் தொட்டி முழுக்கப் பரவின.

இந்தத் தடவை அவர் தக்கையை உருவவில்லை. திருகித் திருகி, நூல் அளவுக்குத் தளர்த்தினார். தண்ணீர் சொட்டாக விழுந்து, பிறகு கம்பியாக விழுந்தது. வெயில் ஏறியது. மாடு ஒன்று வந்து அவர் முதுகை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

தண்ணீர் ஒரு விரல் குறைந்தது. மேட்டில் இருந்த மீன்கள் சற்றுத் தடுமாறின. பிறகு ஒன்று, அதன் பின்னால் இரண்டு, வாலை ஆட்டி ஆழமான பக்கம் போயின. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே அவையும் போயின. யாரும் விரட்டவில்லை. கடைசியில் எல்லாம் மூலையில் கும்பலாகக் கூடிக்கொண்டன. அப்போதுதான் அவர் தக்கையை எடுத்தார்.

தொட்டியைக் குனிந்து பார்த்தார். ஒரு பள்ளத்தில் ஒரே ஒரு மீன் கிடந்தது. கையை நனைத்துக்கொண்டு அதை எடுத்து விட்டார்.

"ஒண்ணு" என்றார்.

மடத்தம்மா குண்டானைப் பார்த்தார். சென்னியப்பனைப் பார்க்கவில்லை.

சென்னியப்பன் திரும்பிக் கைப்பிடியைப் பார்த்தார்.

"தண்ணியை எவ்வளவு மெல்ல இறக்கணுங்கம்மா?"

அன்றைக்கு அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"எனக்குத் தொட்டி தெரியும். ஆறு தெரியாதுங்கண்ணா. அங்கே நின்னு பார்க்கிறவங்களைக் கேளுங்க."

அவர் கைப்பிடியைத் துண்டில் சுற்றினார். தொட்டி கழுவப்படவில்லை என்பது பாதி வழியில்தான் அவருக்கு நினைவு வந்தது.

ராக்கியக்கா கரையோரம் தண்ணீர் எட்டாத இடத்தில் உட்கார்ந்து, தூண்டில் நரம்பில் முள் கட்டிக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் விஷயத்தைச் சொன்னார். அவள் முள்ளைப் பல்லில் கடித்தபடி கேட்டாள்.

"எவ்வளவு மெல்லன்னு எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? இத்தனை வருசத்துல நீங்க ஒரு தடவையாவது மெல்ல இறக்கியிருந்தாத்தானே?"

"அதுவும் சரிதான்."

"சாயங்காலம்தானே அடைக்கணும்?"

"ஆறு மணிக்குள்ள அடைக்கணும்னு உத்தரவு. எப்ப ஆரம்பிக்கணும்னு சொல்லலை."

ராக்கியக்கா முள்ளை வாயிலிருந்து எடுத்தாள்.

"அப்ப இப்பவே ஆரம்பிங்க. இடுப்பளவுத் தண்ணிதான், நான் குதிரைப்பாறைமேல ஏறி நின்னுக்கறேன். அங்கேருந்து பள்ளமெல்லாம் தெரியும். நீங்க ஒரு சாண் இறக்குங்க, நிறுத்துங்க. குஞ்செல்லாம் ஓடைக்கு இறங்கினதும் உங்க துண்டைத் தூக்கிக் காட்டறேன். தூக்கற வரைக்கும் கைப்பிடியைத் தொடக் கூடாது. உங்க துண்டு சிவப்புதானே? கொடுங்க."

அவர் துண்டைக் கொடுத்துவிட்டு, கைப்பிடியை வெறுந்தோளில் வைத்துக்கொண்டு அணைமேல் ஏறினார்.

பரமேசு சுத்தியலோடு முளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"எங்கண்ணா போனீங்க? கைப்பிடியை வேற காணோம். சாயங்காலம் தட்டிடலாம்னு இருந்தேன்."

"தட்ட வேண்டாம். சுத்தி இறக்கப் போறோம்."

"சுத்தியா? தட்டுனா ஒரு நிமிசம்."

"தெரியும்."

"இப்படிச் சுத்தினா என் பஸ்ஸு போயிடும்."

"நீ போ. நான் பார்த்துக்கறேன்."

பரமேசு போகவில்லை. இவர் என்னதான் செய்யப்போகிறார் என்று பார்க்க நின்றான்.

சென்னியப்பன் கைப்பிடியை மாட்டினார். ஏற்றும்போது கை தள்ள வேண்டும். இறக்கும்போது தாங்க வேண்டும். தாங்குவதுதான் கடினம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ஒரு சாண் இறக்கி, முளையைச் செருகி நிறுத்தினார். தூரத்தில் குதிரைப்பாறைமேல் ராக்கியக்கா குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு இடுப்பில் இருந்தது.

காத்திருந்தார். துண்டு மேலே எழுந்தது. அடுத்த சாண் இறக்கினார்.

மூன்றாவது தடவை துண்டு எழவே இல்லை. ராக்கியக்கா பாறையிலிருந்து இறங்கி, ஒரு பள்ளத்துக்கும் ஓடைக்கும் நடுவே காலால் மணலைத் தள்ளி வழி வெட்டினாள். பிறகு ஏறி வந்துதான் துண்டைத் தூக்கினாள்.

"தூக்கிட்டாங்க, சுத்துங்கண்ணா" என்றான் பரமேசு. கொஞ்ச நேரம் கழித்து, "தள்ளுங்க, நான் ஒரு சாண் இறக்கறேன்" என்றான். பஸ்ஸை அவன் மறந்திருந்தான்.

ஆறு வற்றுவதைப் பார்த்து ஊர் ஜனம் குண்டான்களோடு இறங்கியது. அவர்கள் கண்ணெதிரிலேயே தண்ணீர் மெல்ல மெல்லப் பின்வாங்கியது. மீன்களும் அதனோடு போயின. அள்ளுவதற்கு எதுவும் துள்ளவில்லை. ஒருத்தி குண்டானைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏனுங்க, கைப்பிடி துருப் பிடிச்சுருச்சா?" என்று கீழேயிருந்து ஒருவர் கேட்டார்.

"அவருக்குக் கை நடுங்குதாட்டம் இருக்குது. வயசாச்சுல்ல."

"கைராசி போயிருச்சப்பா."

சென்னியப்பனுக்கு எல்லாம் கேட்டது. இறக்கும் நடுவே கைப்பிடியை விட்டால் கதவு விழுந்துவிடும். அதனால் காதைப் பொத்திக்கொள்ளக்கூட முடியவில்லை.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மதகு மூடிற்று.

அன்றிரவு அவர் வீட்டுக்கு யாரும் மீன் கொண்டுவரவில்லை. பாவாத்தாள் வழக்கம்போல மசாலா அரைத்து வைத்திருந்தாள். வாசலை இரண்டு தடவை பார்த்துவிட்டு, அதில் கத்திரிக்காயை நறுக்கிப் போட்டாள். காலையில் எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை.

"ரெண்டாவது தோசை தீஞ்சு போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

சென்னியப்பன் குழம்பு நன்றாக இருப்பதாகச் சொன்னார். அவள் தோசைக்கல்லைத் தேய்க்கப் போனாள்.

அந்த வருடம் ஆறு தடவை அடைப்பு வந்தது. ஆறு தடவையும் ராக்கியக்கா பாறைமேல் நின்றாள். முதல் தடவை சில குஞ்சுகள் சிக்கின, பிறகு குறைந்தன. திறக்கும்போதும் சென்னியப்பன் சங்கு ஊதிவிட்டு, முதலில் ஒரு சாண் மட்டும் ஏற்றி, பாறைமேல் இருக்கிறவர்கள் கரையேறியதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை ஏற்றினார். பரமேசு பஸ்ஸை மாற்றிக்கொண்டான்.

மழை முடிந்து தண்ணீர் தெளிந்தபோது ஓடையில் நிழல்கள் தெரிந்தன. கெண்டை, கெளுத்தி, பெயர் தெரியாத இன்னொன்று. அடைப்பு மீன் அள்ளியவர்களில் ஏழெட்டுப் பேர் தூண்டில் வாங்கினார்கள். இடம் போதவில்லை என்று ராக்கியக்கா சண்டை பிடித்தாள்.

ஒரு நாள் அவளே அணைமேல் ஏறி வந்து ஒரு கெண்டையை நீட்டினாள். கையளவுக்கு மேல் இருந்தது.

"இது அள்ளின மீன் இல்லீங்க. வாய்ல முள்ளுக் காயம் இருக்குது, பார்த்து வாங்கிக்குங்க. அக்காகிட்ட மசாலா அரைக்கச் சொல்லுங்க."

பாவாத்தாள் அரைத்தாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை சென்னியப்பன் மடத்துக்குப் போனார். மோர் வந்தது. குடிக்காமல் கையில் வைத்திருந்தார். ராக்கியக்கா பாறைமேல் நின்று துண்டு காட்டுவதை முன்பே சொல்லியிருந்தார்; இந்தக் கேள்வியைப் பல நாளாகத் தயார் செய்திருந்தார்.

"அம்மா, எனக்கு ஓய்வு வரப்போகுதுங்க. மதகைப் பரமேசு நல்லாப் பார்த்துக்குவான். அதுக்கப்புறம் இங்கே வந்துடலாம்னு இருக்கேன். அன்னிக்கு மாதிரி சட்டுன்னு வந்துட மாட்டேங்க. முதல்ல வாரத்துல ஒரு நாள் இங்கே தங்கறேன். அப்புறம் ரெண்டு நாள், அப்புறம் நாலு நாள். வீட்டை மெல்ல மெல்லத்தான் விடப்போறேன். இது சரிதானுங்களே?"

மடத்தம்மா தொட்டிப் பக்கம் பார்த்தார். தண்ணீரில் அயிரைகள் தொட்டி முழுக்கப் பரவியிருந்தன.

"சரிதானுங்கண்ணா" என்றார். "வீட்டுல யாரு பாறைமேல நின்னு துண்டைத் தூக்கறது? பாவாத்தா அக்காவைக் கேட்டீங்களா?"